உலை ஆறும் வரை

உலையின் சூடு இறங்க ஆரம்பித்துவிட்டது. இனி சாயங்காலம் வரைக்கும் எமல்டா செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம், எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டும் வரலாம், உலைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, உச்சி முதல் கால்வரை மூடிய வெள்ளை அங்கிக்குள், முகமூடியில் தன் மூச்சே திரும்பத் திரும்பச் சுட, அந்த எஃகுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கட்டைவிரல் நகத்தளவு ஒரு சிப்பு இருந்தது. சிப்பின் மேல் ஒரு படலம் இருந்தது. தலைமுடியை நீளவாக்கில் நூறாகக் கிழித்தால் ஒரு கிழிசல் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லியது. அடியில் இருப்பது சிலிக்கான் நைட்ரைடு, ஒளியைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோகும், ஆனால் அந்த ஒளியை ஒன்றும் செய்யத் தெரியாது. மேலே இருப்பது லித்தியம் நையோபேட், அதற்கு ஒளியின் நிறத்தையே மாற்றத் தெரியும். பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அடைத்துவைத்திருக்கிற அணுக்கள் உமிழ்வது சிவப்பு ஒளி, அதுவும் ஒவ்வொரு துகளாக. அந்தச் சிவப்பைக் கண்ணாடி இழைக்குள் விட்டால் நாலைந்து தெரு தாண்டுவதற்குள் செத்துவிடும். நடுவழியில் நிறுத்திப் பெருக்கி அனுப்பலாமென்றால் முடியாது, ஒற்றைத் துகளைப் படியெடுக்கவும் முடியாது, தொட்டால் அது கொண்டுவந்த சேதி கலைந்துவிடும். ஊர் தாண்ட வேண்டுமானால் அது நிறம் மாறித்தான் ஆகவேண்டும். அதனால் இந்த இரண்டும் ஒரே சிப்பில் இருந்தாக வேண்டும். பசை கிடையாது. இரண்டு முகத்தையும் கழுவி, பிளாஸ்மாவில் காட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது உறுதிப்பட வேண்டுமென்றால் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பல மடங்கு விரியும், ஆறும்போது பல மடங்கு சுருங்கும். விரியும்போது தப்பித்தது சுருங்கும்போது கிழியலாம். முந்தி வைத்த இரண்டும் அப்படித்தான் போயின. ஒன்று குறுக்கே விரிசல் விட்டது, இன்னொன்று அப்பளம் மாதிரி அங்கங்கே எழும்பி நின்றது. இது கையிலிருந்த கடைசிப் படலம். அதனால்தான் உலையை இவ்வளவு மெதுவாக இறக்குகிறார்கள், ஒரு குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கையை உருவுகிற மாதிரி. உலையின் நெற்றியில் சிவப்பு எண்கள் இருநூற்று நாற்பதைக் காட்டின. வெகுநேரமாக இருநூற்று நாற்பதையே காட்டின. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மூன்று இலக்கமும் தெரிந்தது. இடது கண்ணை மூடினால் நடு இலக்கம் இருக்காது, இரண்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் எதுவோ கரைந்து நிற்கும். வலது கண்ணை மூடினால் எப்படி இருக்கும் என்று அவள் பார்க்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அதைப் பார்க்கவில்லை.

இப்போதைக்கு. நேற்றுக் கண் டாக்டர் பெண் சொன்ன வார்த்தை அதுதான். வலது கண்ணில் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது மேடம், இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் திறந்தபோது எமல்டாவுக்கு வந்த கேள்வி வேறு. அந்தப் பெண் கணினித் திரையைத் திருப்பி விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டினாள், அடுக்கு மேல் அடுக்காக, கறுப்பும் சாம்பலுமாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல இது ஒரு லேயர், இது ஒரு லேயர் என்று பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். எமல்டா அவள் சொல்லி முடிக்கும் முன்பே பார்த்துவிட்டாள். இருபது வருஷமாகக் குறுக்குவெட்டுப் படங்களைப் பார்க்கிற கண். எந்த அடுக்கு தொடர்ந்து ஓடவேண்டும், எது நடுவில் அறுந்திருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இயந்திரம் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள் அனுப்பித் திரும்பி வருவதை மற்றதோடு சேர்த்துப் பார்க்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும், அவளுடைய மேஜையில் அதே தத்துவத்தில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. அவள் கேட்டது இந்த இயந்திரத்தால் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிய முடியும் என்பதைத்தான். டாக்டர் பெண் சிரித்துவிட்டு அது கம்பெனிக்காரர்களைத்தான் கேட்கவேண்டும் என்றாள். எவ்வளவு முட்டாள்தனம். தன் கண் போகுமா போகாதா என்று கேட்காமல் கருவியின் திறனைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இல்லை, முட்டாள்தனமில்லை. பதில் ஏற்கெனவே தெரியும். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது கூடப்பிறந்த அண்ணனுக்கு என்றாள். அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள். இடது கண்ணிலும் நடுப்பகுதி கொஞ்சம் மெலிந்த மாதிரித் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை, இப்போதைக்கு. மறுபடியும் அதே வார்த்தை. இரண்டு தடவை சொன்னாளா, ஒருதடவை சொன்னது இரண்டாகக் கேட்கிறதா. மருந்து கிடையாது, வெயிலில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள். வீட்டில் கணவர் ஞானசேகர், என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பவர் மாறியிருக்காம் என்றாள். அவர் அதை நம்பிவிட்டு, நல்ல ஃபிரேமாகப் பார்த்து வாங்கு, போன தடவை வாங்கியது மூக்கை அழுத்துகிறது என்றாயே என்று சொன்னார். அவள் அழுத்துகிறது என்று சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருந்ததுதான் தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். சுவர் முழுக்க வெள்ளை ஓடு. கண்ணை மூடிக்கொண்டே குளித்தாள்.

இந்த ஆய்வகத்திலும் எல்லாம் வெள்ளைதான், சுவர் வெள்ளை, தரை வெள்ளை, ஆட்கள் வெள்ளை. வெள்ளையில்தான் கறை தெரியும், தூசு தெரியவேண்டும் என்பதற்காகத்தானே வெள்ளை. அவள் எஃகுப் பெட்டியையே பார்த்தாள். டெலஸ்பர் அண்ணனுக்கு முதலில் போனது கன்டெய்னர்ப் பெட்டி நம்பர்தான். தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டினான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கீழே இருக்கிற பெட்டியின் நம்பரைப் படிக்கவேண்டும், நடுவில் இருக்கிற எண்கள் மட்டும் காணாமல் போயின. யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியின் நிறத்தையும் நிற்கிற வரிசையையும் மனப்பாடம் செய்துகொண்டு கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறான். பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாமியார் வந்து நின்றபோது யாரோ கன்னியாஸ்திரி என்று நினைத்து வாங்க சிஸ்டர் என்று கும்பிட்டான், மாமியார் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், எல்லோரும் சிரித்தார்கள், எமல்டாவும்தான் சிரித்தாள். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். மதினி மட்டும் சிரிக்கவில்லை. இப்போது அவனிடம் பேசும்போது அவன் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொள்வான், தெரியாதவர்கள் மதிக்காமல் பேசுகிறான் என்று நினைப்பார்கள். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது அவளுடைய தோளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பாரேன் அண்ணே என்றாள், விளையாட்டாகத்தான். அவன் தோளிலிருந்து பார்வையை எடுக்காமலே, “நேராப் பாத்தா நீ இல்லட்டி. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் இருக்க” என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, வழி சொல்வது போலச் சொன்னான், அந்தத் தெருவில் போகாதே, இந்தத் தெருவில் போ என்று. ஒரேயொரு தடவை, ஆரம்பத்தில், இதற்கு ஏதாவது உண்டா என்று அவளைக் கேட்டான். வெளிச்சத்தைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் தங்கச்சி, அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஆராய்ச்சி நடக்குது அண்ணே என்றாள். சரி, நடக்கட்டும் என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம், எரிந்து விழுந்திருக்கலாம், நான் வேறு துறை, கண் வேறு துறை என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை. அப்போது அண்ணனுக்கு வயது என்ன. அவளுக்கு இப்போது இருக்கிற வயதுதான், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். உலை இருநூற்றுப் பத்துக்கு வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவள் பார்க்கவில்லை.

முபீன் உள்ளே வந்தார். அங்கி போட்டால் எல்லோரும் ஒரே ஆள்தான், கண்ணும் நடையும் மட்டும்தான் மிச்சம், அவருடைய நடையில் இடது காலை லேசாகத் தேய்க்கிற பழக்கம் உண்டு. வாணியம்பாடிக்காரர். சிப்பின் அடிப்பாதி அவருடையது, ஒளி ஓடுகிற அத்தனை வாய்க்காலும் அவர் வரைந்தது. மேல்பாதியும் ஒட்டுவதும் எமல்டாவுடையது. ஒட்டிய பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஓரங்களை நேர்ப்படுத்தி, கண்ணாடி இழையைக் கொண்டுவந்து வாய்க்காலின் வாயில் வைக்கிற வேலையும் அவளுடையதுதான், அந்தக் கட்டடத்தில் அதை அவளைப் போல யாரும் செய்ததில்லை, மற்றவர்கள் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறதை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள் என்று பேச்சு. ஆறு வருஷமாக இரண்டு பேரும் இதையே செய்கிறார்கள். இந்தத் திட்டம் முடிந்தால் முபீனின் வேலையும் முடிகிறது, இது ஒட்டினால்தான் அடுத்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் இன்னொரு முக்காலியில் உட்கார்ந்து, மகள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கப்போகிறாள், வசனம் கிடையாது, ஆனாலும் வீட்டில் ராப்பகலாக ஒத்திகை நடக்கிறது, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். முகமூடிக்குள் சிரித்தால் கண்ணில்தான் தெரியவேண்டும், தெரிந்ததோ இல்லையோ. இவரிடம் சொல்லலாம். நேற்றுக் கண்ணைக் காட்டினேன் முபீன். அவ்வளவுதான், நாலு வார்த்தை. ஞானசேகரிடம் சொல்வதைவிட இவரிடம் சொல்வது லேசு, இவர் அழமாட்டார், அடுக்குகள் எப்படி இருந்தன என்று கேட்பார். ஆனால் சொன்னால் இவர் உலையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். இந்தச் சிப்பு நல்லபடியாக வந்தாலும் அடுத்த சிப்பை யார் நேர்ப்படுத்துவது, அதற்கடுத்ததை யார், என்று கணக்குப் போடாமல் இருக்க அவராலும் முடியாது, அவளே போட்டுவிட்டாள். யாருக்காவது கற்றுக்கொடுக்கலாம். எதைக் கற்றுக்கொடுப்பது. எப்படிச் செய்கிறீர்கள் மேடம் என்று கேட்கிறார்கள், பார்க்கிறேன், செய்கிறேன், அதைத் தவிர அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன் என்றார் முபீன். பாத்துக்கறதுக்கு என்ன இருக்கு என்றாள். அவளுக்கே குரல் கொஞ்சம் கடுமையாகக் கேட்டது. அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கரண்ட் போனது. வெளியே மழை பெய்துகொண்டிருந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு மழையும் வெயிலும் தெரியாது. விளக்குகள் அணைந்தன, கூரையில் காற்றுச் சலிக்கிற இயந்திரங்களின் இரைச்சல் நின்றது, அது இரைந்துகொண்டிருந்தது என்பதே நின்றபோதுதான் தெரிந்தது. முழு இருட்டு. உலையின் எண்களும் இல்லை. பேட்டரியில் ஓடவேண்டியது ஏன் ஓடவில்லை என்று முபீன் எழுந்த சத்தம் கேட்டது, உட்காருங்க, இடிச்சுக்கப் போறீங்க என்று சொன்னாள். உலை சூடாக்குவதை நிறுத்திவிட்டது, அப்படியென்றால் தன்பாட்டுக்கு ஆறுகிறது, அவர்கள் வைத்த வேகத்தில் இல்லை, அதன் இஷ்டத்துக்கு. உள்ளே படலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் இருப்பது அதற்கு ஈடுகொடுக்காமல் பிடித்து நிற்கிறது. கதவைத் திறக்கக்கூடாது, திறந்தால் குளிர்ந்த காற்று அடித்து அந்த நொடியே முடிந்துவிடும். திறக்காமல் இருந்தாலும் என்ன நடக்கிறதோ அது நடக்கும். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இருட்டில் ஒரு விசித்திரமான நிம்மதி இருந்தது. இருட்டில் அவளுடைய கண் எல்லோர் கண்ணையும் போலத்தான், முபீனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் ராத்திரி கரண்ட் போனால் எழுந்துபோய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான் என்று மதினி சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு மட்டும் அவர்தான் வீட்டு ராஜா என்று. அவள் அதைச் சொல்லும்போது சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எமல்டா இருட்டில் வலது கண்ணை மூடினாள். ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் என்ன தெரியும், இது ஒரு சோதனையா. வெளிச்சம் வந்ததும் மூடிய கண்ணைத் திறந்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, அவள் பயந்துபோய் இரண்டு கண்ணையும் அகலத் திறந்தாள். உலையின் எண்கள் நூற்று எழுபத்தெட்டு என்றன. முபீன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இவ்வளவு இறங்கியிருக்கக்கூடாது. அவர் போய் உலையை இப்போது இருக்கிற சூட்டிலிருந்து மறுபடி மெதுவாக இறங்கும்படி அமைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனால் போனதுதான் எமல்டா என்றார். அவள் ஆமாம் என்றாள். எதற்கு ஆமாம் என்றாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. நூற்று ஐம்பது, நூற்றுப் பத்து, எண்பது, ஒவ்வொரு எண்ணும் வருவதற்கு எவ்வளவோ நேரம் எடுத்துக்கொண்டு, வந்ததும் ஒன்றுமில்லாததுபோல் போனது. கிழிந்திருந்தால் கிழியும்போது சத்தம் கேட்டிருக்குமா. கேட்காது. அவ்வளவு மெல்லிய ஒன்று கிழிந்தால் யாருக்குக் கேட்கும். கண்ணுக்குள் நடந்ததும் கேட்கவில்லையே, எந்த ராத்திரி, எந்தக் காலையில், அவள் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோதோ, ஞானசேகரோடு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோதோ, தெரியவே இல்லை.

கதவைத் திறந்தபோது உள்ளே வெறும் கைச்சூடுதான் இருந்தது. முபீன் இடுக்கியால் எடுத்துக்கொடுத்தார், அவள் வாங்கி மைக்ராஸ்கோப்பின் வட்டத்தட்டில் வைத்தாள், விளக்கைப் போட்டாள், குனிந்தாள். முதலில் ஓரங்கள். நாலு ஓரமும் ஒட்டியிருந்தன. விரிசல் இல்லை. மெதுவாக உள்ளே நகர்த்தினாள், ஒரே நிறம், இளம்பச்சை, எங்கும் ஒரே பச்சை, படலம் எழும்பியிருந்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளும் ஊதாவுமாக வளையம் கட்டியிருக்கும், வளையம் எதுவும் இல்லை. அதன் பிறகு நடுவில் அதைப் பார்த்தாள். மிகச் சின்னது, புகைபட்டது போல. பழக்கத்தில் வலது கண்ணை மூடினாள், மூடக்கூடாது என்று நேற்றிலிருந்து வைத்திருந்த கண்ணை, மூடிவிட்டுத்தான் மூடியது தெரிந்தது. புகை அப்படியே இருந்தது. அப்படியென்றால் சிப்பில் இருக்கிறது, இல்லையென்றால் இடது கண்ணிலும் இருக்கிறது. கடவுளே, சிப்பில் இருக்கட்டும் என்று நினைத்தாள், ஆறு வருஷ உழைப்பு, முபீனுடைய வேலை, கடைசிப் படலம், எல்லாம் போகட்டும், சிப்பில் இருக்கட்டும். தட்டைத் திருகினாள். பச்சை சுழன்றது, வாய்க்கால்கள் எல்லாம் கடிகார முள் மாதிரி சுற்றி வந்தன. புகை சுற்றவில்லை. மறுபக்கம் திருகினாள். சுற்றவில்லை.

எப்படி இருக்கு என்று முபீன் கேட்டார். அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார், ஓரம் ஓரமாக, பிறகு நடுவில். “ஒரு புள்ளிகூட இல்ல எமல்டா” என்றார். எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், கையுறையும் கையுறையும் வழுக்கின. அவள் மறுபடி உட்கார்ந்து குனிந்து தட்டைத் திருகினாள், ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி. எல்லாம் சரியாத்தான் இருக்கு, எதுக்குச் சுத்திக்கிட்டே இருக்கீங்க என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் கண்ணை எடுக்காமலே, “நடுவுல ஒண்ணு இருக்கு முபீன். சிப்பு சுத்துது, அது சுத்தல” என்றாள். அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒளியோடு வேலை செய்கிற எவருக்கும் அது முதல் பாடம். சுழன்றால் சிப்பில் இருக்கிறது, சுழலாவிட்டால் பார்க்கிற பக்கம் இருக்கிறது. அவர் சிரிப்பு நின்றது. டெலஸ்பர் அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும், ஒருமுறை தூத்துக்குடி வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், அண்ணன் அவருடைய காதைப் பார்த்துப் பேசியிருக்கிறான். கண்ணாடியில தூசு இருக்கும், கொஞ்சம் தள்ளுங்க என்றார். அதே கண்ணாடி வழியாகத்தான் அவர் இப்போது பார்த்தார், புள்ளிகூட இல்லை என்று சொன்னார். அவளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவர் லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாளைக் கிழித்து, ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு கண்வில்லையையும் கழற்றி, ஓரத்திலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாகத் துடைத்து, ஊதி, விளக்கில் பிடித்துப் பார்த்து, திரும்பப் பொருத்தினார். இப்பப் பாருங்க என்றார். அவள் குனிந்து பார்த்தாள். இன்னும் இருக்கு என்றாள். அவர் சரி என்றார். புதிதாக ஒரு தாளைக் கிழித்தார்.